சிறை மீண்ட சிவா

1912-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள். மலையாளக் கரையிலுள்ள கண்ணனூர் ஜெயிலின் கதவு திறந்து வ. உ. சிதம்பரம் பிள்ளை வெளியே வந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கத் தூத்துக்குடிக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்ட காலம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்ட அந்த மனிதரை வரவேற்க அன்று ஜெயில் வாசலில் கூட்டமே இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் நின்றார்கள். அவர்களில் ஒருவர், நோயினால் முகமும் உடலும் உருமாறிப் பரிதாபமான கோலத்தில் இருந்தார். பிள்ளைக்கு அவர் யாரென்றே அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது கலங்கிப் போனார். ஒரே வழக்கில் தம்மோடு கூண்டில் நின்று, தம்மோடு தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவாதான் அவர்!

1961-ல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படத்தைப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சிவாஜி கணேசன் பிள்ளையாகவும், டி. கே. சண்முகம் சிவாவாகவும் நடித்தார்கள். கொட்டகையில் கண்ணீர் விடாதவர்கள் குறைவு. ஆனால் அந்த வாசலில் ஏன் கூட்டம் இல்லை என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? நாலேமுக்கால் வருஷத்துக்குள் அத்தனை ஜனங்களும் எங்கே போனார்கள்? சிவாவின் மீதி ஆயுள் முழுவதும் இந்தக் கேள்விக்குள்ளேயே கழிந்தது. அதற்கு ஒருவாறு விடை கிடைத்த இடம், தர்மபுரி ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டி.

வத்தலக்குண்டுச் சிறுவன்

சிவா பிறந்தது 1884-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, வத்தலக்குண்டில். அன்று அது மதுரை ஜில்லா. இன்று திண்டுக்கல் மாவட்டம். தகப்பனார் பெயர் ராஜமய்யர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யரும் அதே ஊர்க்காரர்தான். ஆனால் அவர் வேறு, இவர் வேறு. குடும்பத்தில் வறுமை. மதுரையில் படிப்பு பாதியில் நின்றது. திருவனந்தபுரத்தில் ஊட்டுப்புரைச் சாப்பாட்டில் சில காலம் ஓடியது. சிவகாசிப் போலீஸ் ஸ்டேஷனில் கிடைத்த குமாஸ்தா வேலையை மறுநாளே உதறிவிட்டார் என்பார்கள். சுபாவம் அப்படி.

தேசபக்தி வேகம் பிடித்ததும் திருவனந்தபுரத்தில் சங்கம் அமைத்துப் பேசத் தொடங்கினார். திருவிதாங்கூர் சர்க்கார் அவரை எல்லைக்கு வெளியே அனுப்பியது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்து 1908-ன் தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே பிள்ளையைச் சந்தித்தார். அப்புறம் நடந்தது தமிழ் நாட்டுச் சரித்திரம். பிப்ரவரிக் கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம்; சில நாட்களிலேயே தொழிலாளர் பக்கம் வெற்றி. மார்ச் 12-ந் தேதி பிள்ளையும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் பெருங் கலகம். துப்பாக்கிப் பிரயோகத்தில் 4 பேர் மாண்டார்கள். ஜூலை 7-ந் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம் நாடு கடத்தல். சிவாவுக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கும் சேர்த்துப் பிள்ளைக்குக் கடுந்தண்டனை. ஹைகோர்ட்டில் சிவாவின் தண்டனை 6 வருஷமாகக் குறைந்தது.

தண்ட வரி

சிவா சிறைக்குள் இருந்தபோது வெளியே இரண்டு காரியங்கள் நடந்தன. அவர் திரும்பி வந்தபோது கண்ட வெறுமைக்கு விதை அப்போதே விழுந்துவிட்டது.

முதலாவது, தண்டப் போலீஸ். கலகம் நடந்த ஊர்களில் சர்க்கார் கூடுதல் போலீஸ் படையை நிறுத்தி, அதற்கான செலவை ஊரார் தலையிலேயே கட்டியது. கல் எறிந்தவன், எறியாதவன், கூட்டத்துக்குப் போனவன், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தவன், எல்லாருக்கும் வரி. சர்க்காருக்கு இது பழைய வித்தை. கோபம் சர்க்கார் மேல் திரும்ப வேண்டியது நியாயம். ஆனால் வரி கட்டுகிறவன் வீட்டுத் திண்ணையில் என்ன பேச்சு நடந்திருக்கும்? இந்தப் பிரசங்கிகள் வந்ததனால் அல்லவா இந்தச் சனியன் என்றுதானே? கலெக்டர் எட்டாத உயரத்தில் இருக்கிறார். திட்டுவதற்குக் கைக்கு எட்டியவர்கள் தலைவர்கள்தான்.

இரண்டாவது, ஆஷ் கொலை. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஆயுதம் எடுத்த ரகசியக் கூட்டம் ஒன்று இருப்பது வெளிப்பட்டது. 14 பேர் மீது வழக்கு. நீலகண்ட பிரம்மசாரிக்கு 7 வருஷம். வழக்கில் சிக்குவோம் என்று அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. வீடு வீடாகச் சோதனை. ஒரு பழைய கடிதமோ, பத்திரிகைச் சந்தா ரசீதோ அகப்பட்டால் போதும், விசாரணைதான்.

அன்று சிவா சிறையில் இருந்தார். அவருக்கும் மணியாச்சித் துப்பாக்கிக்கும் சம்பந்தம் இல்லை. அவர் எடுத்த ஆயுதம் நாக்கு ஒன்றே. ஆனால் பயந்த மனசு இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ராஜத் துவேஷி என்றால் ராஜத் துவேஷிதான். பேசியவன், சுட்டவன் என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

இந்த நிலைமையில்தான் 1912 நவம்பரில் சிவா விடுதலையானார்.

நோயும் சாக்கும்

திருச்சியிலும் சேலத்திலும் இருந்த சிறைவாசத்தில் அவருக்குத் தொழுநோய் கண்டது. ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்பில் பதப்படுத்தும் வேலையைக் கொடுத்ததனால் நோய் வந்தது என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்வார்கள். வைத்திய சாஸ்திரம் சொல்வது வேறு. இந்த நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே தேச டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். சுண்ணாம்பினால் அது வருவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கி இருந்தால் சிலருக்குத் தொற்றும். தொற்றினாலும் வெளியே தெரியப் பல வருஷங்கள் பிடிக்கும். மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் உடம்பிலேயே இதை எதிர்க்கும் சக்தி உண்டு. ஜெயில் சாப்பாடும் கடும் உழைப்பும் சிவாவின் உடலை நைய வைத்தன, நோய் அங்கே தலைதூக்கியது என்பது வரையில் ஐயமில்லை.

அந்தக் காலத்து ஜனங்களுக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாவத்தின் பலன், பரம்பரைச் சாபம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பவைதான். தொழுநோய் கண்டவருக்குச் சத்திரத்தில் இடமில்லை, கிணற்றில் தண்ணீரில்லை, பந்தியில் இலையில்லை. போலீஸ் சந்தேகத்துக்கு ஆளான ஒருவருக்கு இந்த நோயும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? வீட்டில் சேர்க்காததற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்களுக்குக் கௌரவமான காரணம் ஒன்று கிடைத்துவிடும். போலீஸுக்குப் பயந்து கதவைச் சாத்தினேன் என்று சொல்ல எந்த மனிதனுக்கும் வெட்கமாக இருக்கும். குழந்தை குட்டிகள் இருக்கிற வீடு, நோய் தொற்றிவிடும் என்று சொல்ல வெட்கமில்லை. எத்தனை கதவுகள் நோய்க்குப் பயந்து மூடின, எத்தனை போலீஸுக்குப் பயந்து மூடின என்று கதவுக்குச் சொந்தக்காரர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. கூட்டத்தில் நின்று கை தட்டியவன், அந்தக் கைதட்டலுக்கு வேறொருவன் விலை கொடுத்துவிட்டு வந்து எதிரே நிற்கும்போது, நேரே முகத்தைப் பார்க்கக் கூசுவான். அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாமல் அவன் மேலேயே ஒரு குற்றம் கண்டுபிடிப்பான்: அவசரப்பட்டான், அளவுக்கு மீறிப் பேசினான், அனுபவிக்கிறான். பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லையே! அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. அவர் சென்னையில் கடை வைத்துக் கஷ்ட ஜீவனம் செய்தார். பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர்களும், பிரசங்கம் கேட்டு மெய் சிலிர்த்தவர்களும் ஒருங்கே ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார ஜட்ஜ். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் பிள்ளை.

இது தமிழ் நாட்டின் தனிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரை 1945-ல் செங்கோட்டையில் விசாரித்தபோது தேசமே கொந்தளித்தது. சுதந்திரம் வந்த பின் அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் பென்ஷன் திட்டம் வருவதற்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் 2009-ல் போர் முடிந்து, புனர்வாழ்வு முகாம்களிலிருந்து சுமார் 12,000 முன்னாள் போராளிகள் ஊர் திரும்பினார்கள். ஒரு காலத்தில் அவர்களைப் பிள்ளைகள் என்று அழைத்த ஊர்களிலேயே, பழகினால் புலனாய்வுக்காரர்கள் வருவார்கள் என்று ஒதுங்கியவர்கள் உண்டு. இவர்கள் மட்டும் எப்படி உயிரோடு வந்தார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தோற்ற போரிலிருந்து திரும்பியவனுக்கு இரண்டு பக்கத்திலும் கதவடைப்பு.

ரயில் இல்லாத பிரயாணி

சிவா மூலையில் முடங்கிவிடவில்லை. 1913-ல் சென்னையிலிருந்து ஞானபாநு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த பாரதி அதில் எழுதினார். சின்னச் சங்கரன் கதை வெளிவந்தது அதில்தான். பிள்ளையும் எழுதினார். 1915-ல் வடமொழி கலவாத தமிழில் ஒரு கட்டுரை எழுதுவோருக்கு 5 ரூபாய் பரிசு என்று ஞானபாநு அறிவித்தது. தனித்தமிழ் இயக்கத்துக்கு முன்னோடி என்று அதைச் சொல்லுவார்கள். ஜனங்கள் ஒதுக்கிய மனிதரைப் பத்திரிகை மூலம் ஜனங்கள் படித்தார்கள். காகிதத்தில் நோய் ஒட்டாதல்லவா!

பத்திரிகை நின்றது, வேறொன்று தொடங்கினார், அதுவும் நின்றது. ஊர் ஊராகச் சென்று பேசுவதே பிரதான வேலையாயிற்று. அங்கேதான் சட்டம் குறுக்கிட்டது.

சிவாவை ரயிலில் ஏறவொட்டாமல் தடுக்க அவருக்காகவே வெள்ளைக்கார சர்க்கார் ஒரு புதுச் சட்டம் செய்தது என்று மேடைகளில் சொல்வது வழக்கம். அது சரியன்று. தொழுநோயாளர் சட்டம் 1898-லேயே வந்துவிட்டது. பிச்சை எடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்கவும், மற்ற நோயாளிகள் சில தொழில்களைச் செய்யாமலும், பொதுக் கிணறு குளங்களில் இறங்காமலும், வாடகை வண்டிகளில் ஏறாமலும் தடுக்கவும் அதில் இடமிருந்தது. தொற்றுநோய்க்காரரை ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்க 1890-ம் வருஷத்து ரயில்வே சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே சிவாவுக்கென்று தனிச் சட்டம் தேவைப்படவில்லை. நாட்டில் இருந்த அத்தனை நோயாளிகளுக்கும் பூட்டிய பூட்டு அது. பிரசங்கியை வாய் பூட்ட வேண்டிய சர்க்காருக்கு அது தயாராகக் கையில் கிடைத்தது. நோயாளி ரயிலேறக் கூடாது என்றால் யார் ஆட்சேபிப்பார்கள்? பக்கத்தில் உட்கார வேண்டிய பிரயாணியே நிம்மதியடைவான்.

சிவா நடந்தார். முடியாதபோது கட்டை வண்டியில் போனார். தாடியும் தலைப்பாகையுமாக இன்று நாம் படத்தில் காணும் அந்த உருவம் இப்படித்தான் தமிழ் நாட்டுச் சாலைகளில் வருஷக்கணக்காக நகர்ந்தது.

1921-ல் மறுபடியும் கைது. இரண்டரை வருஷத் தண்டனை. நோய் முற்றியதனால் தண்டனை முடியுமுன்பே விட்டுவிட்டார்கள். அதற்குள் நாட்டின் மனப்போக்கு மாறியிருந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறைக்குப் போவது பெருமையாகிவிட்டது. விடுதலையானவர்களுக்கு மாலையும் மேளமும் தடபுடல்! 1912-ல் சிவாவுக்கு எதிராக நின்ற பயம் 1921-ல் இல்லை. ஆனாலும் நோய் பின்வாங்கவில்லையே. போலீஸ் பயம் போன பிறகும், அது கற்பித்த விலகல் மட்டும் தங்கிவிட்டது.

பாப்பாரப்பட்டி

தர்மபுரிக்கு வடமேற்கே, பென்னாகரம் வட்டாரத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம். புளியும் மாவும் நிழல் தரும் பூமி. மழை பொய்த்தால் பஞ்சம். அப்போது அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965 அக்டோபர் 2-ந் தேதி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்ச் சீமை என்று புலவர்கள் இதைப் போற்றுவார்கள்.

இங்கே சிவாவுக்கு நண்பர்கள் வாய்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சின்னமுத்து முதலியார். ஊரை ஒட்டி சுமார் 6 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார் சிவா. அங்கே ஓர் ஆசிரமமும் பாரத மாதாவுக்கு ஒரு கோயிலும் எழுப்ப வேண்டும், ஜாதி மதம் பாராமல் எல்லாரும் அதில் நுழைய வேண்டும் என்பது அவருடைய கனவு. பொதுக் கிணற்றில் இறங்கச் சட்டம் இடம் தராத மனிதர் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று ஒரு கோயில் கட்டப் புறப்பட்டார்! 1923-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வங்காளத்துத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கல்கத்தாவின் மகா பெரிய பாரிஸ்டர், காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர், சேலம் ஜில்லாக் கிராமம் ஒன்றுக்கு வந்து ஒரு நோயாளித் துறவியின் கனவுக்குக் கல் நாட்டியதை அந்த வட்டாரம் எளிதில் மறக்குமா?

பாப்பாரப்பட்டி ஏன் கதவு திறந்தது? படிப்பும் நாகரிகமும் நிறைந்த நகரங்கள் செய்யாததை ஒரு சிற்றூர் எப்படிச் செய்தது? கிராமத்தார் நல்லவர்கள், நகரத்தார் கெட்டவர்கள் என்று சொல்லிவிடலாம், அது உண்மையாகாது. தொழுநோயாளியைக் கிராமங்கள் துரத்தியதும் ஊரறிந்ததுதான். பாப்பாரப்பட்டிக்குச் சிவாவிடம் பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1908-ல் அவருக்காக அந்த ஊர் கை தட்டியதுமில்லை, அவரால் தண்ட வரி கட்டியதுமில்லை, அப்புறம் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதுமில்லை. ஆகவே அவரைப் பார்த்துக் கூசவும் காரணமில்லை. முன்பின் அறியாத மனிதர் வந்தார், பழகினார்கள், பழகப் பழக நோய் பின்னுக்குப் போய் மனிதர் முன்னால் வந்தார். தவிர, துணிந்து முதலில் வீட்டுக்குள் அழைக்க ஒருவர் இருந்துவிட்டால் ஊர் பின்தொடர்வது எங்கும் காண்பதுதான். செல்வாக்குள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கண்ட பிறகு, தூர நின்றவனுக்கும் கால் தானே முன்னே வரும்.

கோயில் எழும்பவில்லை. பணம் திரட்ட மறுபடியும் ஊர் சுற்ற வேண்டியிருந்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1925 பிறந்தது. ஜூன் தொடக்கத்தில், பாபநாசம் அருவியில் வ. வே. சு. ஐயர் மாண்டார். புதுச்சேரியில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியவர் என்று ஒரு காலத்தில் சர்க்கார் நடுங்கிய அதே ஐயர்தான். ஜூன் 16-ந் தேதி தேசபந்து தாஸ் டார்ஜிலிங்கில் காலமானார். அடிக்கல் நாட்டிய கை போய்விட்டது.

அப்போது சிவா மதுரைப் பக்கம் இருந்தார். நிலைமை மோசமாயிற்று. சொந்த ஜில்லா மதுரைதான்; பிறந்த ஊர் அருகில்தான். ஆனாலும் அவர் அங்கே தங்கவில்லை. பாப்பாரப்பட்டிக்கே புறப்பட்டார். ஜூலை 22-ந் தேதி வந்து சேர்ந்தார். மறுநாள் 23-ந் தேதி பாரதபுரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 41 நிறையவில்லை. அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

பின்னால் வந்தவை

1940-களில் டாப்சோன் மருந்து வந்தது. 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. தொழுநோய் பூரணமாகக் குணமாகக்கூடிய நோயாகிவிட்டது. 1898-ம் வருஷச் சட்டமோ சுதந்திரத்துக்குப் பின்னும் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. அதைப் பாராளுமன்றம் ரத்து செய்தது 2016-ல்! தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் எடுபட்டது.

பாப்பாரப்பட்டியில் இன்று சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கேட்ட பாரத மாதாவுக்கும் அங்கே தமிழக அரசு நினைவாலயம் கட்டியிருக்கிறது. அரூர்ப் பக்கம் கோபாலபுரத்திலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர். பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் மாலைகள் விழுகின்றன.

சிவா அந்த வட்டாரத்தில் வாழ்ந்த வருஷங்களில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று 1906-ல் தொடங்கிய குறுகிய பாதை அது. புளி மூட்டைகளும் சந்தைக்குப் போகும் ஜனங்களும் அதில் ஏறிப் போனார்கள். சிவா ஏற முடியாத அந்த ரயிலை 1941-ல், யுத்த சமயத்தில், நிறுத்தித் தண்டவாளங்களையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.